ரீஃப் தொட்டியில் தட்டைப்புழு: மருந்து பாட்டிலைத் திறக்கும் முன் செய்ய வேண்டியவை

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் (ரீஃப் தொட்டி), மணலின் ஒரு மூலையில் துருப் பிடித்தது போல ஒரு திட்டு. பாசி என்று நினைத்துக் கிட்டப் போய்ப் பார்த்தால் திட்டு நகர்கிறது. பலருக்கும் தட்டைப்புழு அறிமுகமாவது இப்படித்தான். அடுத்த கேள்வியும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "என்ன மருந்து ஊற்றணும்?"

மருந்து இருக்கிறது. நன்றாக வேலையும் செய்யும். ஆனால் நம் தொட்டிகளில் அதிகம் பார்க்கும் சிவப்புத் தட்டைப்புழுவின் உடம்புக்குள் நஞ்சு இருக்கிறது. உயிரோடு ஊர்ந்துகொண்டிருக்கும் வரை அதனால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஆயிரக்கணக்கில் ஒரே மணி நேரத்தில் செத்தால் அத்தனை நஞ்சும் தண்ணீரில் இறங்கிவிடும். மருந்து போட்ட அன்று மீன் செத்ததாகக் கேள்விப்படுகிறோமே, அதில் பல சமயம் மருந்தின் மேல் குற்றம் இருக்காது. செத்த புழுக்களின் வேலை அது. எனவே இந்த வழிகாட்டியில் மருந்து பாதி தூரம் தாண்டித்தான் வரும். அதற்கு முன் புழுவின் எண்ணிக்கையைக் கையால் குறைக்க வேண்டும்; கரண்டும் காற்றும், நஞ்சை உறிஞ்சும் கார்பனும் தயாராக இருக்க வேண்டும்.

முதலில், எந்தப் புழு?

சிவப்புத் தட்டைப்புழுவைக் கடைக்காரர்கள் ரெட் பிளனேரியா என்பார்கள். கன்வொலூட்ரிலோபா என்பது அறிவியல் பெயர். நீளம் சில மில்லிமீட்டர், நிறம் செங்கலுக்கும் துருவுக்கும் நடுவில். லென்ஸ் வைத்துப் பின்பக்கத்தைப் பார்த்தால் வால் மூன்று முனையாகப் பிரிந்திருக்கும். இதுதான் உறுதியான அடையாளம். பவளத்தைப் போலவே இதுவும் உடம்புக்குள் பாசியை வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் சாப்பாடு தேடிக்கொள்கிறது. அதனால் பகலில், லைட் நன்றாக விழுந்து நீரோட்டம் குறைவாக இருக்கும் இடங்களில் கூடும். லைட் அணைந்த பிறகு டார்ச் அடித்துத் தேடினால் பாதிகூடக் கண்ணில் படாது. பவளத்தைக் கடிக்காது, கூட்டம் பெருகிவிட்டால் பவளத்தின் மேல் போர்த்திக்கொண்டு வெளிச்சத்தை மறைக்கும். தொட்டியில் உள்ள கோபிபாட் என்ற நுண்ணிய உயிர்களையும் பிடித்துத் தின்னும். பின்பக்கம் மொட்டு விட்டு, அந்த மொட்டு பிரிந்து தனிப் புழுவாகிவிடும். ஜோடி தேவையில்லை என்பதால் ஒரே ஒரு புழு தப்பினாலும் தொட்டியை மறுபடி நிரப்ப அது போதும்.

தவிட்டு நிறத்தில், ஏறக்குறைய வட்டமாக, பின்பக்கம் ஒரு சின்ன வெட்டோடு மஷ்ரூம், லெதர், யூஃபிலியா பவளங்களின் மேலேயே படுத்திருந்தால் அது வாமினோவா. மணலிலும் கண்ணாடியிலும் அவ்வளவாகத் திரியாது. பவளத்தின் தோலில் புள்ளி வைத்தாற்போல் ஒட்டியிருக்கும். இதற்குத் தொட்டி முழுக்க மருந்து ஊற்றிப் பெரிய பயன் கிடைக்காது. பவளத்தை வெளியே எடுத்துக் குளிப்பாட்ட வேண்டும்.

மூன்றாவது, கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா பவளத்தை உண்மையாகவே கடித்துத் தின்னும் புழு. பவளத்தின் நிறத்திலேயே கலந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கிளையில் வெளுத்த சின்னச் சின்ன வட்டங்களைப் பார்த்துத்தான் சந்தேகம் வரும். இது தனிக் கதை, பின்னால் வருகிறேன்.

சில சமயம் பாறை இடுக்கிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், ஓரம் சுருக்கு வைத்தது போல ஒரு பெரிய தட்டைப்புழு ராத்திரியில் வெளியே வரும். நத்தைகளும் சிப்பிகளும் காரணமில்லாமல் செத்துக்கொண்டிருந்தால் இவரைத் தேடுங்கள். பிடித்து வெளியே போட்டால் முடிந்தது.

கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும் வெள்ளை அல்லது நிறமில்லாத பொடிப் புழுக்களை விட்டுவிடுங்கள். குதித்துக் குதித்துப் போவது புழுவே இல்லை, கோபிபாட், மீனுக்குத் தீனி.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டில் தொட்டியைப் பார்க்கப் போனபோது அந்த வீட்டு அம்மா கேட்ட கேள்வி வேறு: "தம்பி, இது ஆளுக்கு வருமா?" வராது அம்மா. நம் உடம்பில் ஒட்டி வாழும் புழு இல்லை இது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வது புழுவுக்காக அல்ல, கடல் தொட்டித் தண்ணீர் எதுவானாலும் அதுதான் நியாயம்.

இனி சொல்வது பெரும்பாலும் சிவப்புப் புழுவுக்கு.

உறிஞ்சி எடுத்தல்

இதுதான் முக்கியமான வேலை. பொறுமை தேவைப்படுவதால் எல்லோரும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

வேண்டியது நான்கு பொருள்: ஏர் பம்புக்குப் போடும் மெல்லிய டியூப் இரண்டு மீட்டர், அதன் முனையில் செருகப் பிடிமானமான ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, ஒரு பக்கெட், பக்கெட் வாயில் கட்ட ஃபில்டர் சாக் என்ற வடிகட்டும் பை அல்லது நான்காக மடித்த பழைய வேட்டித் துணி. மெடிக்கலில் ஊசி இல்லாத 50 மில்லி சிரிஞ்சு ஒன்றும் வாங்கி வையுங்கள். பாறைப் பொந்தில் ஊதிவிடவும், பவளத்தின் மேல் ஒட்டியதைக் கிளப்பவும் அதைவிட நல்ல கருவி கிடையாது.

லைட் எரிய ஆரம்பித்து ஒன்றிரண்டு மணி நேரம் போகட்டும். புழு வெளியே வந்து திட்டுத் திட்டாகக் கூடியிருக்கும். அலை எழுப்பும் வேவ்மேக்கரையும், தண்ணீரைத் தொட்டிக்குத் திரும்ப ஏற்றும் ரிட்டர்ன் பம்பையும் நிறுத்துங்கள். இப்போது குழாயின் முனையைத் திட்டின் ஓரத்தில் தொட்டும் தொடாமலும் கொண்டுபோனால் மேலே உள்ள புழு ஒவ்வொன்றாக உருண்டு உள்ளே போவது தெரியும். நடுவில் குத்தினால் மணல்தான் வரும். கண்ணாடியில் ஒட்டியவற்றைச் சுரண்டாதீர்கள். நசுங்கிய புழு நஞ்சைத் தண்ணீரிலேயே விட்டுவிடும், கிழிந்த துண்டுகளிலிருந்து புதுப் புழுவும் வளரலாம். ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் சிரிஞ்சால் லேசாகத் தண்ணீர் பீய்ச்சி, அது கிளம்பி மிதக்கும் நொடியில் உறிஞ்சிவிடுங்கள்.

தொட்டியின் மற்ற இடமெல்லாம் இருட்டாக இருக்க, ஒரே மூலையில் டார்ச் வெளிச்சத்தை விழவைத்தால் புழு மெல்ல அங்கே நகர்ந்து வரும். வெளிச்சத்தைத் தேடிப் போகும் பிராணி என்பதால் இந்தத் தந்திரம் பலிக்கிறது. லைட் ஆன் ஆகும் நேரத்துக்கு முன் செய்து பாருங்கள்.

வடிகட்டிய தண்ணீரைத் திரும்ப ஊற்ற ஆசை வரும், உப்பு விலை அப்படி. சாக்கில் புழு நசுங்கியிருக்கும் என்பதால் நான் ஊற்றச் சொல்ல மாட்டேன். தினமும் தொட்டியில் இருபதில் ஒரு பங்கு தண்ணீர் வெளியே போனால் அது ஒரு சின்னத் தண்ணீர் மாற்றம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கெட்டில் சேர்ந்த புழுவைக் கொதிநீர் ஊற்றிக் கொன்ற பிறகுதான் சாக்கடையில் கொட்ட வேண்டும். பக்கெட்டைத் தொட்டிக்குப் பக்கத்தில் அப்படியே விட்டுவிட்டு, பிறகு அதே குழாயைத் தொட்டிக்குள் விட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

கூடவே தீனியைக் குறையுங்கள். ஃப்ரோசன் தீனியை உருக்கிய தண்ணீரோடு ஊற்றுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். புழு பெருகிய தொட்டிகளில் நைட்ரேட், பாஸ்பேட் டெஸ்ட் செய்து பாருங்கள், பெரும்பாலும் ஏறித்தான் இருக்கும். நீரோட்டம் தேங்கும் மூலைகளுக்கு வேவ்மேக்கரைத் திருப்பிவிட்டால் புழு கூடும் இடமும் குறையும். மூன்று நாள் லைட்டை அணைத்து வைத்தால் புழு செத்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. கொஞ்சம் குறையும், ஒழியாது. பவளம்தான் வாடும்.

ஒரு வாரம் இப்படி எடுத்தபின் திட்டு மறைந்து, அங்கொன்று இங்கொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை வரும். மருந்தைப் பற்றி அப்போது யோசிக்கலாம். சின்னத் தொட்டி என்றால் சிலருக்கு மருந்தே தேவைப்படாது. உறிஞ்சலும் ஒரு நல்ல மீனும் போதும்.

நாள் குறிப்பது

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இது இருக்காது. நமக்குத்தான் தேவை.

மருந்து போட்ட நாளில் தொட்டிக்கு இரண்டு விஷயம் தடையில்லாமல் கிடைக்க வேண்டும்: ஆக்சிஜன், கார்பன் வழியாக ஓடும் நீரோட்டம். இரண்டும் கரண்டை நம்பியிருக்கின்றன. கடலூர்ப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று காலை 9 மணிக்குப் போனால் பிற்பகல் வரை வராது. அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். புதுச்சேரியிலும் பேப்பரில் மின்தடை அறிவிப்பு வருகிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்ப்பது இன்னும் நல்லது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையைக் கடந்தது. கரண்ட் திரும்பப் பல நாள் காத்திருந்த தெருக்கள் உண்டு. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அந்த மாதிரி வாரத்தில் தொட்டி நிறையச் செத்த புழுவும் நின்றுபோன பம்பும் இருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கத்திரி வெயிலும் வேண்டாம். தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளும். 30 டிகிரியில் 6.2 அளவுக்கு இறங்கிவிடும். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் அதே சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது என்பதால் இரண்டு பக்கமும் இடிக்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாதவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி தோதான மாதங்கள். அவசரம் என்றால் ஃபேனைத் தண்ணீர் மேல் திருப்பிவிட்டு, அதிகாலையில் வேலையைத் தொடங்குங்கள்.

இன்வெர்ட்டர் இருந்தால் வேவ்மேக்கர் ஒன்றை அதில் மாட்டிவிடுங்கள். இல்லையென்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர்?

மூன்றடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடித் தொட்டி என்றால் 90 × 45 × 45 சென்டிமீட்டர், அதாவது 182 லிட்டர். இது காலித் தொட்டியின் கணக்கு. மேலே விட்ட இடம், பாறை, மணல் எல்லாம் போக ஏறக்குறைய 145 லிட்டர் இருக்கும். தொட்டிக்குக் கீழே வடிகட்டலுக்கு வைக்கும் சம்பில் 40 லிட்டர் ஓடினால் மொத்தம் 185. மருந்தை இந்தக் கடைசி எண்ணுக்குத்தான் அளக்க வேண்டும். தொட்டி வாங்கும்போது கடையில் சொன்ன லிட்டரை வைத்து அளந்தால் சம்ப் இல்லாதவர் அதிகமாகவும், பெரிய சம்ப் வைத்தவர் குறைவாகவும் போடுவார்கள். குறைவாகப் போடுவதும் நல்லதல்ல. அரைகுறையாகத் தப்பிய புழுதான் அடுத்த தலைமுறை.

கிண்ணத்தில் ஒத்திகை

சாலிஃபெர்ட் நிறுவனத்தின் ஃப்ளாட்வார்ம் எக்ஸிட் இந்தப் புழுவுக்கென்றே வரும் மருந்து. பாண்டியில் பவளம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சென்னை கொளத்தூர் கடைகளிலிருந்து பார்சலிலோ ஆன்லைனிலோ வரவழைக்கிறார்கள். எது வாங்கினாலும் காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயிலில் வேனில் கிடந்து வந்த பாட்டில் வேலை செய்கிறதா என்று தொட்டியில் ஊற்றித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

இரண்டு வெள்ளைக் கிண்ணத்தில் தொட்டித் தண்ணீர் எடுங்கள், லிட்டர் கணக்கில் அளந்து. இரண்டிலும் சில புழுக்களை விடுங்கள். ஒன்றில் மட்டும், மருந்தோடு வரும் தாளில் சொன்ன விகிதத்தில் மருந்து. கொஞ்ச நேரத்தில் வித்தியாசம் தெரியும்: மருந்துக் கிண்ணத்தில் தட்டையாக ஊர்ந்துகொண்டிருந்த புழு ஓரங்களைச் சுருட்டும், உடம்பு குறுகும், பிடி விட்டுக் கிண்ணத்தின் அடியில் உருளும், அப்புறம் நிறம் கலங்கித் தண்ணீரில் துரு கரைவது போல ஒரு சாயம் இறங்கும். அந்தச் சாயத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டியில் இதைத்தான் நீங்கள் அள்ளி எடுக்கப் போகிறீர்கள். மற்றக் கிண்ணத்தில் புழு நிம்மதியாக ஊர்ந்துகொண்டிருக்க வேண்டும். அதுவும் செத்தால் கிண்ணத்தில் சோப்பு ஏதோ இருந்திருக்கிறது, சோதனை செல்லாது.

தாளில் சொன்ன நேரம் கடந்தும் மருந்துக் கிண்ணத்துப் புழு ஊர்ந்தால் பாட்டில் பழசு, அல்லது நீங்கள் பார்ப்பது வேறு புழு.

மருந்து நாள்

முந்தின நாளே புது உப்புத் தண்ணீர் தயாராக வேண்டும். மொத்த அளவில் பாதியாவது. ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து, பம்ப் போட்டு ராத்திரி முழுக்கச் சுழலவிட்டு, உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி, அதாவது அடர்த்தி 1.026 வருகிறதா என்று பாருங்கள். சூடும் தொட்டியும் ஒன்றாக இருக்கட்டும். கடற்கரையில் குடம் போட்டு மொண்டு வரும் பழக்கம் இங்கே சிலருக்கு உண்டு. இந்த ஒரு நாளுக்கு வேண்டாம். தாழங்குடாவில் பெண்ணையாறும் தேவனாம்பட்டினம் பக்கம் கெடிலமும் கடலில் விழுகின்றன, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரமும் அப்படித்தான். மழைக்குப் பின் கரையோரத் தண்ணீரில் உப்பும் குறையும், ஆற்றோடு வந்த அழுக்கும் கூடும்.

கார்பன் வழக்கமாகப் போடுவதைப் போல இரண்டு மடங்கு, புதியதாக, ஆர்.ஓ. தண்ணீரில் கருப்பு போகக் கழுவிப் பையில் கட்டி ஓரமாக வையுங்கள். இன்னும் சம்பில் போட வேண்டாம். ஒரு பெரிய டப்பில் புதுத் தண்ணீர் ஊற்றி ஏர் ஸ்டோன் போட்டு வைத்தால் மீனுக்கு ஆஸ்பத்திரி வார்டு தயார்.

காலையில் லைட் எரிந்து, புழு வெளியே வந்தபின் கடைசியாக ஒரு முறை உறிஞ்சுங்கள். அப்புறம்:

சம்பில் ஏற்கெனவே இருக்கும் பழைய கார்பனை எடுத்துவிடுங்கள். யூவி விளக்கை அணையுங்கள். அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் ஓடட்டும், ஆனால் கப்பைக் கழற்றிவிடுங்கள். காற்று கிடைக்கும், நுரை பொங்கித் தரையில் வழியாது. ஏர் ஸ்டோன் ஒன்றிரண்டு கூடுதலாகப் போடுங்கள். பம்புகள் எல்லாம் முழு வேகத்தில்.

மருந்தை ஒரு ஜக் தொட்டித் தண்ணீரில் கலந்து, நீரோட்டம் அதிகமுள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரே இடத்தில், பவளத்தின் தலையில் ஊற்றக்கூடாது.

இதற்குப் பிறகு நாற்காலியைவிட்டு எழாதீர்கள். புழு சுருண்டு தண்ணீரில் மிதக்க ஆரம்பிக்கும்போது குழாயும் சாக்கும் கையில் இருக்க வேண்டும். மிதப்பவை, மணலில் உருள்பவை, தண்ணீர் சம்புக்கு வழியும் ஓவர்ஃப்ளோ சீப்பில் சேர்பவை, எல்லாவற்றையும் சாயம் இறங்கும் முன்னே எடுத்துவிட வேண்டும். சம்பின் ஃபில்டர் சாக்கை நடுநடுவே மாற்றுங்கள். அதில் சேர்ந்த பிணமும் தண்ணீருக்குள் கிடக்கும் பிணம்தான்.

ஒரு கண் மீன் மேல். செவுள் படபடவென்று அடித்தால், மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், மணலில் சாய்ந்தால், தாளில் என்ன நேரம் போட்டிருந்தாலும் சரி, அந்த நிமிடமே கார்பனைப் போட்டுத் தண்ணீர் மாற்ற ஆரம்பியுங்கள். சாய்ந்த மீனை டப்புக்கு மாற்றுங்கள். "இன்னும் கால் மணி நேரம் பார்ப்போமே" என்று நிற்க வேண்டிய இடம் இதல்ல. மிச்சப் புழுவை அடுத்த வாரம் கொல்லலாம்.

எல்லாம் சரியாகப் போனால், தாளில் சொன்ன நேரம் முடிந்ததும் தொட்டித் தண்ணீரில் 25 முதல் 30 சதவீதம் மாற்றுங்கள். கார்பன் உள்ளே. ஸ்கிம்மர் கப் மறுபடி மேலே. ராத்திரி படுக்கும் முன் ஒரு முறை மீனைப் பாருங்கள். ஸ்கிம்மர் பொங்கிக்கொண்டே இருந்தால் பயப்பட வேண்டாம், ஒன்றிரண்டு நாள் அப்படித்தான். மூன்றாம் நாள் கார்பனை மாற்றுங்கள். கையில் இன்னும் உப்புத் தண்ணீர் மிச்சமிருந்தால் மறுநாளும் 10 சதவீதம் மாற்றுவதில் தப்பில்லை.

ஒரு வாரம் விட்டு இரண்டாவது சுற்று. தொட்டி சுத்தமாகத் தெரிந்தாலும் செய்யுங்கள். முதல் முறை பாறைக்குள், மணலுக்கடியில், சம்பின் இருட்டில் இருந்தவை இப்போது சிக்கும். சாகிறவை கொஞ்சமே என்பதால் இந்தச் சுற்றில் ஆபத்தும் குறைவு.

பவளத்தின் மேலேயே இருப்பவற்றுக்கு

வாமினோவா என்றால் பவளத்தை வெளியே எடுக்க வேண்டும். மூன்று டப்பில் தொட்டித் தண்ணீர். முதலாவதில் பவளத்தை முக்கி எடுக்கும் டிப் மருந்து, பாட்டிலில் சொன்ன அளவு, சொன்ன நிமிடம். சிரிஞ்சால் பவளத்தின் மடிப்புகளிலும் அடியிலும் விடாமல் பீய்ச்சுங்கள்; மருந்து புழுவை மயக்கும், கீழே தள்ளுவது உங்கள் சிரிஞ்சு. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அலசி, பிறகு தொட்டிக்கு. டிப் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக்கூடாது.

டிப் முட்டையைக் கொல்லாது. ஆகவே வாரம் ஒரு முறை, சில வாரம். பவளத் துண்டு (ஃப்ராக்) ஒட்டியிருக்கும் அடிக்கட்டையை (பிளக்) வெட்டிப் போட்டுவிட்டுப் புது பிளக்கில் ஒட்டுவது பாதி வேலையை முடித்துவிடும், ஏனென்றால் முட்டை பெரும்பாலும் அடியில்தான்.

ஜோவா வகைப் பவளங்களைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். புழு போகட்டும் என்று தொட்டிப் பாறையை (லைவ் ராக்) அடுப்பில் வைத்துக் கொதிக்கவைக்கும் யோசனை யாருக்காவது வந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள். ஜோவா ஒட்டிய பாறையைக் கொதிக்கவைத்து, ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

அக்ரோபோரா தின்னும் புழுவைப் பற்றிச் சுருக்கமாக. கல் பவளங்கள் அனைத்தும் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-ல் சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம், மன்னார் வளைகுடாவிலிருந்து "ஆள் மூலம்" வந்தது என்று யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள். முறையான தாளோடு வெளிநாட்டிலிருந்து வந்த அக்ரோபோரா வைத்திருப்பவருக்கு மட்டும் இந்தப் பகுதி. இந்தப் புழு வெறும் எலும்பாகிவிட்ட அடிப்பகுதியில் கொத்துக் கொத்தாகப் பழுப்பு முட்டை இடும். 27 டிகிரியில் முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை ஏறக்குறைய 38 நாள். தண்ணீர் குளிர்ந்தால் இன்னும் நீளும். ஆகவே எல்லா அக்ரோபோராவையும் தனித் தொட்டிக்கு மாற்றி, முட்டையைப் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, வாரம் தவறாமல் ஆறு வாரத்துக்குக் குறையாமல் டிப் செய்ய வேண்டும். அதுவரை பெரிய தொட்டியில் ஒரு அக்ரோபோராவும் இருக்கக்கூடாது. தின்ன எதுவும் இல்லாமல் பொரித்த குஞ்சு செத்துப்போகும்.

புழு தின்னும் மீன்கள்

மஞ்சள் கோரிஸ் ராஸ், மெலனூரஸ் ராஸ், சிக்ஸ்லைன் ராஸ். மூன்றும் தட்டைப்புழுவைத் தின்னும் என்று பெயர் வாங்கியவை. எல்லா மீனும் தின்னும் என்று உறுதியில்லை. ஒன்று வேலைக்காரனாக இருக்கும், இன்னொன்று ஃப்ரோசன் தீனி வரும் திசையையே பார்த்துக்கொண்டு இருக்கும். எனக்குப் பிடித்தது மஞ்சள் கோரிஸ், சாந்தமான மீன். ராத்திரி மணலுக்குள் புதைந்து தூங்கும் என்பதால் மணல் இல்லாத தொட்டிக்கு ஆகாது. மேலே மூடி வேண்டும், குதிக்கும். சிக்ஸ்லைன் சின்னத் தொட்டியில் ரவுடி. புது மீனை உள்ளே விடவே விடாது.

மாண்டரின் மீனைப் புழுவுக்காக வாங்காதீர்கள். அது உயிர் கோபிபாடை நம்பி வாழும் மீன். சின்ன, புதுத் தொட்டியில் பட்டினியால் மெலிந்து சாகும். நீல வெல்வெட் கடல் நத்தை சிவப்புப் புழு போன்ற தட்டைப்புழுக்களை மட்டுமே தின்னும், அபாரமாகத் தின்னும். புழு தீர்ந்தால் அதற்கும் சாப்பாடு தீர்ந்தது. வேவ்மேக்கரில் மாட்டிச் சாவதும் உண்டு. அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஒரு தொட்டி முடிந்ததும் அடுத்த தொட்டிக்கு அனுப்ப முடிந்தால் மட்டும் வாங்கலாம்.

மருந்து போட்டு அடக்கிய பிறகு ஒரு ராஸ் விடுவது நல்ல வரிசை. ஆயிரம் புழு இருக்கும்போது ஒரு மீனால் ஒன்றும் ஆகாது, பத்துப் புழு இருக்கும்போது அது காவல்காரன்.

ஊற்றக் கூடாதவை

ஆட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்து கால்நடை மருந்துக் கடையில் சல்லிசாகக் கிடைக்கும். புழுவைக் கொல்லும் லெவாமிசோல் இருக்கிறதே என்று வாங்குவார்கள். லேபிளைப் படியுங்கள்: பலவற்றில் கூடவே ஆக்சிக்ளோசனைடு கலந்திருக்கும். அது ஈரல் தட்டைப்புழுவுக்கான மருந்து, ரீஃப் தொட்டியில் என்ன செய்யும் என்று உங்கள் பவளத்தை வைத்துச் சோதிக்க வேண்டாம்.

உரக்கடைப் பொட்டாஷ். பொட்டாசியம் குளோரைடு டிப் என்று ஒன்று இருப்பது உண்மை, ஆனால் அதற்குத் தூய உப்பு வேண்டும். உரக்கடையில் கிடைப்பது செந்நிறமாக, மண்ணும் இரும்பும் கலந்தது.

பாக்குச் சாறு கலந்த பிளனேரியா மருந்து நன்னீர் இறால் தொட்டிக்காரர்களுடையது. அங்கே நன்றாக வேலை செய்கிறது, நத்தையையும் சேர்த்துக் கொல்கிறது. ரீஃப் தொட்டிக்கு அது வந்த மருந்தல்ல. செம்பு கலந்த மீன் மருந்து எதுவும் வேண்டாம். இறால், நத்தை, பவளம் ஒன்றும் மிஞ்சாது.

இனி வராமல் இருக்க

புழு தானாக முளைப்பதில்லை. பவளத்தோடு, பாறையோடு, நண்பர் பாசத்தோடு கொடுத்த மஷ்ரூம் துண்டோடு வருகிறது. 30 லிட்டர் பிளாஸ்டிக் டப், ஒரு சின்ன லைட், ஒரு ஏர் ஸ்டோன், ஒரு சின்ன பம்ப்: தனிமைத் தொட்டிக்கு இது போதும். நம் ஊர் சூட்டில் ஹீட்டர்கூட வேண்டாம். எது வந்தாலும் டிப் செய்து, பிளக்கை மாற்றி, ஆறு வாரம் அங்கே வையுங்கள். பார்சல் பையில் வந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், மீன் வந்த பையானாலும்.

தனிமைத் தொட்டிக்கு என்று ஒரு டியூப், ஒரு சிரிஞ்சு, ஒரு வலை தனியாக வாங்கிச் சிவப்பு டேப் ஒட்டி வையுங்கள். வீட்டில் வேறு யாராவது உதவிக்கு வந்தாலும் எது எதற்கு என்று கேட்காமலே தெரியும்.